டிராம் காம்பரா ஆயா

சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கூடையை முதுகில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கப் போனால், பிள்ளைக் காம்பரா ஆயா பிள்ளையைக் கையில் கொடுக்குமுன் ஒரு வார்த்தை சொல்வார்.

"நாளைக்கு நான் வர மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

கோபத்தில் ஒருநாள் சொன்ன வார்த்தை இல்லை. தினமும் சொல்வார். ஒரு கையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, மறு கையால் இன்னொன்றின் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொல்வார். முதல் பிள்ளைக்காரிகள் அதைக் கேட்டுப் பதறிப்போவார்கள். நானும் பதறினேன்.

"ஐயையோ ஆயாம்மா, அப்ப நாளைக்கு எம்புள்ளய எங்க விடுறது?"

"அதத்தான்டி நானும் யோசிக்கிறேன்" என்றார்.

ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. மறுநாள் விடியுமுன் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் பயந்துகொண்டே பார்த்தால், காம்பராவின் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு புகைந்தது. ஆயா தேயிலைச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, முந்தின நாளைய அலுப்பெல்லாம் அப்படியே முகத்தில் இருக்க, கையை நீட்டினார். "குடுத்துட்டுப் போ. ஏன் முழிக்கிற?"

அவருக்குப் பேர் இருந்தது. சம்பளக் கணக்குச் செக்ரோலில் எழுதியிருப்பார்கள். எங்களில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்தான் அவரும். மலைச் சரிவில் விழுந்து முட்டி போனபிறகு, "லேசு வேலை" என்று பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். அந்த இரண்டு வார்த்தையை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. "லேசு வேலைன்னு சொன்ன ஆம்பளையக் கூட்டியாங்க. ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது இங்க நிக்கட்டும். சாயங்காலம் அவனையும் சேத்துத் தொட்டில்ல போட்டு ஆட்டிவிடுறேன்."

காம்பரா என்றால் அறைதான், ஆனால் எங்களுடையது கட்டடம் இல்லை. டிராம் வண்டி.

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டம். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரை போய்ச் சிங்களத் தொரை வந்த காலம். அதுவரைக்கும் பிள்ளைகளைப் போட்டு வைத்தது நாங்கள் குடியிருந்த லயத்துக் கடைசி அறையில். மழை பெய்தால் வெளியே பெய்வதைவிட உள்ளே கூடப் பெய்யும். மார்ச்சளி ஒரு பிள்ளையை விட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்த் திரும்ப முதல் பிள்ளைக்கே வரும். வேறு அறை வேண்டுமென்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனோம். கொழும்பில் டிராம் வண்டிகளை நிறுத்திவிட்டு உடைத்து விற்கிறார்கள் என்று தொரை கேள்விப்பட்டிருக்கிறார். கட்டடம் கட்டுவதைவிட இது சுளுவு என்று நினைத்திருப்பார். ஒருநாள் மத்தியானம் லொறியில் வந்து இறங்கியது.

கினிகத்தேனை மலை வளைவுகளில் முன்னும் பின்னும் எடுத்து எடுத்து, லொறிக்காரருக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது. எங்கள் தோட்டத்துக் கடைசி வளைவில் சிக்கிக்கொண்டபோது ஆண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். சக்கரம் இல்லை, அதைக் கொழும்பிலேயே கழற்றிவிட்டார்கள். கருங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்தோம். பனிமூட்டத்தில் பார்த்தால் ஏதோ கப்பலில் உடைந்த துண்டு மாதிரி இருந்தது.

தேயிலை பெக்டரியில் மெசின் பார்க்கிற பிட்டர் வாலிபத்தில் கொழும்பில் இருந்தவர். அவர்தான் எங்களுக்கு விளக்கினார். வெள்ளைக்காரன் முதன்முதலில் கரண்டில் ஓடவிட்ட வண்டிகளில் இது ஒன்று. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் தண்டவாளத்தில் ஓடும். மாடும் கிடையாது, கரியும் கிடையாது. கூரைமேல் ஒரு நீளக் கம்பு நிற்கும். அது மேலே போகிற கம்பியைத் தொட்டு கரண்டை வாங்கிக்கொள்ளும். தண்டவாளமே வேண்டாத கரண்டு பஸ் வந்தபிறகு இதற்கு மதிப்புப் போய்விட்டது.

ஆயா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இரண்டு கோடியிலும் டிரைவர் நிற்கிற இடம் இருந்தது.

"இதுக்கு முதுகு எங்க இருக்கு?"

"முதுகே கெடையாது ஆயா. கடைசி எடத்துக்குப் போனா வண்டியத் திருப்ப வேணாம். டிரைவர் எறங்கி மத்தக் கோடிக்குப் போயி அங்கேருந்து ஓட்டுவான்."

"ரெண்டு மூஞ்சி. எங்கிட்டு வேணாலும் போகலாம். கடைசியில வந்து நின்ன எடத்தப் பாரு" என்றார் ஆயா. அது குடியுரிமைப் பேச்சு லயமெல்லாம் அடிபட்ட காலம். இலங்கைப் பக்கத்து ஆளா இந்தியப் பக்கத்து ஆளா என்று எங்களையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிட்டர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முதல் வாரத்திலேயே ஆயா அந்த வண்டியைத் தன் வசத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பலகை பெஞ்சுகளின் சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளலாம். வண்டி திரும்பாமலே ஆட்கள் முகம் திரும்பி உட்காருவதற்காக அப்படிச் செய்திருந்தார்களாம். ஒரு பெஞ்சின் சாய்மானத்தை இந்தப் பக்கமும் அடுத்த பெஞ்சுடையதை அந்தப் பக்கமும் தள்ளினால் நடுவில் ஒரு பெட்டி மாதிரி ஆகும். நடக்கப் பழகுகிற பிள்ளைகளை அதற்குள் இறக்கிவிடுவார். ஏறி வெளியே வர முடியாது. விழுந்தாலும் அடி படாது. மேலே ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற மரக் கம்பியில் எங்கள் பழைய சேலைகளைக் கட்டித் தொட்டில் போட்டார். கொழும்புக்காரர்கள் தொங்கிக்கொண்டு போன இடத்தில் எங்கள் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு தூங்கின.

மழை வருமுன் கூரைக்குத் தார் வேண்டுமென்று ரோட்டு வேலைக்காரர்களிடம் போய் நின்றார். அவர்கள் அசையவில்லை. அழுகிற பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். "குடுத்துத் தொலைங்கடா, காது போகுது" என்று அவர்களுடைய கங்காணி ஒரு வாளி தார் கொடுத்து அனுப்பினார். ஆயா மொண்டி முட்டியோடு ஏணியில் ஏறித் தானே பூசினார். கூரைக்குப் பூசி மிஞ்சியதைச் சுவரிலும் பூசிவிட்டார். தங்க எழுத்தும் நம்பரும் இருந்த இடமெல்லாம் கறுப்பாகிப்போனது. "நம்பர் மறைஞ்சா யாருக்கும் சளி புடிக்காது" என்றார்.

பித்தளைப் பிடிகளைக் கழற்ற ஆள் வரும். எங்கள் லயத்து ஆட்களேதான். கோயில் விளக்குக்கு என்பார்கள், கதவுக்கு என்பார்கள். ஆயா எழுந்திருக்கக்கூட மாட்டார். "கழட்டிக்க. ஆனா உம்புள்ள அதப் புடிச்சுத்தான் எந்திரிச்சு நிக்கப் பழகுது. நாளைக்கு அது தவழ்ந்துகிட்டே பள்ளிக்கூடம் போகட்டும்" என்பார். வந்த ஆள் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போய்விடுவான்.

இப்போது மணிக்கு வருகிறேன்.

டிரைவர் நிற்கிற பலகையில் ஒரு இரும்புக் குமிழ் இருந்தது. காலால் மிதித்தால் அடியில் தொங்குகிற மணி 'ணங்' என்று அடிக்கும். ரோட்டில் ஆட்கள் விலகுவதற்காக வைத்தது. இரண்டு கோடியிலும் இருந்திருக்க வேண்டும். ஒன்று வருமுன்னே யாரோ கழற்றியிருந்தார்கள். மிஞ்சிய ஒன்றின் சத்தம் பள்ளத்தைத் தாண்டி எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வரும்.

கைப்பிள்ளைக்காரிகள் வேலை நடுவில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது தோட்டத்து வழக்கம். ஆனால் எப்போது இறங்குவது என்று சொல்கிறவர் எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை. வாச்சு கட்டியிருந்தவர் மலையில் அவர் ஒருவர்தான். கொழுந்து கூடுகிற நாளில் அந்த வாச்சு மெதுவாக ஓடும். மார்பு கட்டிக் கல்லாகி, ரவிக்கை நனைந்து, அதன்மேல் குளிர் அடிக்க நிற்போம். "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்பார். கீழே பிள்ளை கத்துவது மலைக்குக் கேட்காது.

ஆயா மணியை மிதிக்கத் தொடங்கினார். நேரம் பார்த்து அல்ல. ஒரு பிள்ளை அழுதால் தட்டிக் கொடுப்பார். இரண்டு அழுதால் சீனித்தண்ணி தொட்டு வைப்பார். எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டால் மிதிப்பார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பால் தானாக இறங்கும். கதைக்குச் சொல்லவில்லை, எனக்கு இறங்கியது, என் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்றவளுக்கும் இறங்கியது. பிறகு யார் வாச்சைப் பார்ப்பது? கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு இறங்கிவிடுவோம்.

கணக்கப்பிள்ளை ஒருநாள் நேரே காம்பராவுக்கு வந்து நின்றார்.

"ஏய், யாரக் கேட்டு மணி அடிக்கிற? நேத்து ஒரு நேரம், இன்னைக்கி ஒரு நேரம். உங்கிட்ட வாச்சு இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

"எங்க?"

ஆயா தொட்டில்களைக் காட்டினார். "இந்தா தொங்குது பாருங்க. ஒண்ணும் நிக்கிறதில்ல."

தொரையிடம் புகார் போனது. தொரை என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவர் பள்ளிக்கூடப் பையனாக டிராமில் போனவராம். அந்தச் சத்தம் பங்களாவுக்குக் கேட்கும்போது அவருக்கும் ஏதோ இறங்கியிருக்கும். அதோடு கணக்கப்பிள்ளை ஆயாவோடு பேசுவதை நிறுத்தினார். ஆயா அதற்கும் அலுத்துக்கொண்டார். "பேசாட்டி போகட்டும். எனக்கு ஒரு புள்ள கொறைஞ்சுச்சு."

என் மூத்தவன் அந்தப் பெஞ்சுப் பெட்டிக்குள்தான் நின்று பழகினான்.

பிறகு கொழும்பிலிருந்து இரண்டு ஐயாமார் வந்தார்கள். ஒருவர் வயசானவர், டிராமில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். மற்றவர் கேமராக்காரர். ஓடிய வண்டிகளையெல்லாம் அடுப்புக்கும் கோழிக்கூட்டுக்கும் உடைத்துவிட்டார்கள், முதலில் வந்த ரகத்தில் முழுசாக ஒன்றுகூட மிஞ்சவில்லை, உங்கள் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதை எடுத்துப்போய்ப் பழையபடி ஆக்கி ஊருக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். சிங்களத்தில் பேசினார்கள். தமிழில் மாற்றிச் சொல்ல வந்தவர் நம் கணக்கப்பிள்ளை.

அன்றைக்கு மழை. வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நாங்களும் ஓரமாக நின்று பார்த்தோம். வயசானவர் தாரைச் சுரண்டிச் சுரண்டி நம்பரைக் கண்டுபிடித்தார். கண்டதும் கையால் தடவினார். தாரின் கீழே பெயிண்டு அப்படியே இருந்தது. மரம் உளுத்துப் போகவில்லை. "யார் இவ்வளவு நன்றாக வைத்திருந்தது?" என்று கேட்டுவிட்டுத் தொரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உள்ளே படம் எடுக்கச் சேலைத் தொட்டில்களை அவிழ்க்க வேண்டும் என்றார்கள். மூன்றை ஆயாவே அவிழ்த்தார். நாலாவதில் கை வைக்க விடவில்லை.

"புள்ள தூங்குது. எந்திரிச்ச பெறகு எடுங்க."

கணக்கப்பிள்ளை பல்லைக் கடித்தார். வயசானவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை கண்ணாடியில் சாய்ந்தது. ஆயா உதட்டில் விரலை வைத்து எங்களைப் பார்த்தார்.

"சத்தம் போடாதிங்க. ரெண்டு புள்ள தூங்குது."

தொரை சரி என்றுவிட்டார். பதிலுக்குச் சிமெண்டில் புது அறை கட்டித் தருவதாகப் பேச்சு. இப்படிப் பேச்சுகள் எங்களுக்குப் பழக்கம், யாரும் நம்பவில்லை. ஆனால் கொழும்பு ஐயாமார் நச்சரித்த நச்சரிப்பில் அறை நிஜமாகவே எழும்பியது. காம்பரா இருந்த இடத்திலிருந்து இன்னும் கீழே, ஆற்றோரம். மழை உள்ளே வராத அறைதான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஜன்னல் மட்டும் தலைக்குமேல், சின்னதாக.

வண்டியை ஏற்ற வந்த அன்று ஆயா வயசானவர் முன்னால் போய் நின்றார்.

"சாமி, வண்டிய எடுத்துட்டுப் போங்க. எங்க புள்ளைங்களுக்கு அறை வந்துருச்சு. மணிய மட்டும் விட்டுட்டுப் போங்க. அது இல்லாட்டி புள்ள அழுவுறது ஆத்தாளுக்குத் தெரியாது. பசிச்சுப் பசிச்சுத் தூங்கிப் போயிரும். எந்திரிச்சுத் திரும்ப அழும். நான் மொண்டிக்காலோட மலையேறிப் போயி ஒவ்வொருத்தியாக் கூப்புட முடியுமா? சீனித்தண்ணியக் குடுத்து எவ்வளவு நேரம் ஏமாத்துறது? அதுங்களுக்கு என்னா வாச்சா தெரியும்?"

கணக்கப்பிள்ளை அதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். வயசானவர் ஆச்சரியப்பட்டார். "இவ்வளவு பேசினார்களே, இவ்வளவுதானா?" என்று கேட்டது, சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கே புரிந்தது. "அவ்வளவுதான்" என்றார் கணக்கப்பிள்ளை.

அது புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை என்று நினைக்காதீர்கள். திறந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பிள்ளை, பால், மணி என்று சொல்லிக் கையால் காட்டினேன். வயசானவருக்கு விளங்கியது. மணியையும் பார்த்தார், ஆயாவையும் பார்த்தார். இரண்டில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது, இதுவும் போனால் வண்டி ஊமை என்று மெதுவாகச் சொன்னார். கெட்ட மனுசர் இல்லை. கண் கலங்கியிருந்தது. ஆனால் மணியைக் கொடுக்கவில்லை.

ஆயா மறுபடி கேட்கவில்லை. "சரி. அவங்க புள்ளைக்கு அவங்க அழுவுறாங்க" என்றுவிட்டுத் தொட்டில் சேலைகளை மடிக்கப் போனார்.

வெகுநாள் கழித்துக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு தடவை, அந்த வண்டியைப் போய்ப் பார்த்தேன். பெயிண்டு அடித்துத் தங்க எழுத்தெல்லாம் எழுதி அழகாக வைத்திருந்தார்கள். மணியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. மிதிக்கக் கூடாதாம். மேலே மரக் கம்பியைப் பார்த்தேன். வார்னிசு போட்டிருந்தும் சேலை உராய்ந்த தேய்மானம் வரிசையாகத் தெரிந்தது. கூட நின்ற ஒருவர், ஆட்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது என்று தன் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்திச் சொல்ல நினைத்தேன். எங்கிருந்து தொடங்குவது?

வண்டி போனதற்கு மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது என் இளையவன் கைப்பிள்ளை. மேல்மலையில் நிரை பிடித்திருந்தோம். கணக்கப்பிள்ளை ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நின்றார். சட்டைக் கையை மடித்து வாச்சு தெரிய வைத்திருந்தார். "இனிமே எல்லாம் நேரப்படிதான்" என்றார். நல்ல கொழுந்து நாள். பனி விலகி வெயில் ஏறியது. என் மார்பு கட்டத் தொடங்கியது. பக்கத்து நிரைக்காரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கீழே புது அறை சின்னதாகத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"ஐயா, நேரமாச்சுங்களே."

"இன்னும் இருக்கு."

பறித்தோம். காது மட்டும் கீழேயே இருந்தது. சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வது போல அலுப்பு வேறு இல்லை.

அப்போது பள்ளத்திலிருந்து எழும்பியது. முதலில் என்னவென்று தெரியவில்லை. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் வார்த்தை பிரிந்தது.

"நாளைக்கு நான் வர மாட்டேன்! வேற ஆளப் பாத்துக்கங்க!"

நிரை முழுக்க அப்படியே நின்றது. சாயங்காலத்து வார்த்தை, வெயில் ஏறுகிற நேரத்தில், அதுவும் அடித்தொண்டையில். யாரோ ஒருத்தி பக்கென்று சிரித்தாள். என் ரவிக்கை நனைந்துவிட்டது.

"என்னாடி அது? என்னா கத்துறா அவ?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆயா வேலைய விட்டுப் போறாங்களாம் ஐயா" என்றாள் பக்கத்து நிரைக்காரி, கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டே. "புள்ளைங்களப் பாக்க ஆள் வேணுமில்ல?"

"நாளைக்குன்னுதானே கத்துறா!"

"அவங்க சொல்லிக்கிட்டே கெளம்பிடுற ஆளுங்க ஐயா" என்றேன் நான்.

அவர் வாச்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மணி அடிக்காதே என்று சொல்லலாம். வேலையை விட்டுப் போகிறேன் என்கிறவளை என்னவென்று தடுப்பது? மலையிலிருந்து கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தோம்.

அறை வாசலில் ஆயா நின்றார். இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளை. ஒன்று என்னுடையது.

"எவ்வளவு நேரம்டி? தொண்ட கிழியக் கத்துறேன்" என்றார். பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பிள்ளையைத் தூக்கப் போனபோது வழக்கமான வார்த்தை வரவில்லை. குரல் கட்டிப்போயிருந்தது. கையை மட்டும் அசைத்தார், போ போ என்று. எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்காமல் லயத்துக்குத் திரும்பிப் பழக்கமில்லை.

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. விடியுமுன் பிள்ளையைச் சேலையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். ஆற்றோரப் பனியில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டப் போனபிறகு புகை மணத்தது. அறைக் கதவு திறந்திருந்தது.